இரு காலும் அந்தரத்தில்

நடைப்போட்டியின் சட்டம் சின்னது.
ஒரு கால் எப்போதும் தரையில்.
ஊன்றும் காலின் முட்டி மடங்கக் கூடாது.
மீதியெல்லாம் வியர்வை.

குவெங்கா நகரில், மார்ச் மாதம்,
பதினெட்டாவது கிலோமீட்டரில்
நெல்வா கிஸ்பியை வெளியேற்றிய
மூன்றாவது சிவப்பு அட்டை என்னுடையது.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
நடைபாதையில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்தாள்,
கட்டினாள், மறுபடி அவிழ்த்தாள்.

ஏப்ரலில் மலை இறங்கிவந்து
பாலத்தைத் தின்றது.
வாரநாட்களில் நான் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன்.
சேற்றுக்கு இப்பக்கம் நான், ஐஸ்பெட்டி, இரண்டு பை ரத்தம்.
அப்பக்கம், ஒன்பது கிலோமீட்டர் மேலே,
பிள்ளை பெற்ற ரொசெண்டாவுக்கு
உதிரம் நிற்கவில்லை.
என் இடது முட்டியோ பிளாஸ்டிக்.

வளைவில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் நெல்வா
ரப்பர் பூட்ஸோடு வந்தாள்.
பெட்டியை முதுகில் கட்டச் சொன்னாள்.
"அட்டை கைவசம் இருக்கிறதா, நடுவரே?"
சிரித்தாளா, தெரியாது. மழை.

சரிவில் ஆட்டுத்தடம் பிடித்து ஏறினாள்.
டார்ச் எட்டியமட்டும் பார்த்தேன்:
முட்டி மடங்கியது.
இரண்டு காலும் மண்ணை விட்டன,
திரும்பத் திரும்ப விட்டன.
பழக்கதோஷம், என் கை சட்டைப்பைக்குப் போயிற்று.
ஈர சிகரெட் மட்டும் இருந்தது.

ரொசெண்டாவின் மகளுக்கு இப்போது
கீழ்ப்பல் இரண்டு.
அதைப் பற்றி யாரும் பதக்கம் அடிக்கவில்லை,
நெல்வா ஒரு தட்டு முட்டை கூடுதலாக விற்றாள், அவ்வளவுதான்.

டிசம்பரில் மறுபடி பந்தயம்.
ஆறாவது கிலோமீட்டரில், என் கண்ணெதிரே,
அவள் கால் எழும்பியது.
அட்டையைத் தூக்கினேன். சட்டம் சட்டம்தான்.

இந்த முறை என்னைப் பார்த்தாள்.
நாக்கைத் துருத்திவிட்டு
நடந்தாள்.