கல் என்றேன்

லியெபாயா துறைமுகத்தில்
மூன்று நாளாய்ப் பனிமூட்டம் விலகவில்லை.
கண்ணிவெடி தேடும் கப்பலில்
என் வேலை கேட்பது.
ஒலியை நீருக்குள் அனுப்பிவிட்டு
அது எதில் முட்டித் திரும்புகிறது என்று
திரையும் காதுமாய் உட்கார்ந்திருப்பது.

நூறில் தொண்ணூற்றைந்து கல்.
மிச்சத்தில் நங்கூரம், டயர், அறுந்த வலை.
ஒருமுறை ஒரு ஃபிரிட்ஜ்.
கதவு திறந்து கிடக்க
உள்ளே ஒரு விலாங்கு குடியிருந்தது.
அன்று கப்பலே சிரித்தது.

நவம்பரில் நாற்பத்தொன்றாம் தடயம்.
நிழல் சற்று நீளம், ஓரம் சற்று வட்டம்.
பதினோரு மணி நேரம் விழித்த கண்ணால் பார்த்து
கல் என்றேன்.
கல் என்று எழுதிக்கொண்டார்கள்.
அதன் மேலேயே கடந்து போனோம்
முப்பத்தாறு பேரும்,
அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சூப்பும்.

மறுவாரம் எஸ்தோனியர்கள் வந்து பார்த்தார்கள்.
கல் இல்லை.
எண்பது வருடமாய்ச் சேற்றுக்குள்
பொறுமையாய்க் கிடந்த முந்நூறு கிலோ.
தூரத்தில் நின்று வெடிக்க வைத்தார்கள்.
கடல் வெள்ளைத் தூணாய் எழுந்து சரிந்த காணொளியை
எல்லோரும் எல்லோருக்கும் அனுப்பினார்கள்.
யாரும் சாகவில்லை.
அதனால் யாரும் கேட்கவில்லை.

வீட்டில் நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.
சலவை இயந்திரம் கடைசிச் சுற்றில் அதிர்வதை,
நாலாம் மாடியில் லிஃப்ட் வந்து நிற்பதை,
மோட்ரிஸின் மூச்சை.
எது கல், எது கல் இல்லை.
நள்ளிரவில் ஃபிரிட்ஜ் முனகும்.
எழுந்துபோய் ப்ளக்கைப் பிடுங்கிவிடுவேன்.
காலையில் பால் திரிந்திருக்கும்.
"கரண்ட் போயிருக்கும்" என்பான் மோட்ரிஸ்,
என்னைப் பார்க்காமல்.
நான்காம் தடவையும் அதையே சொன்னான்.

மாதாமாதம் ஒரு படிவம் வரும்.
தூக்கம்: நன்று, சுமார், மோசம்.
லாயத்துக்குத் திரும்பும் குதிரை மாதிரி
பேனா தானாகவே முதல் கட்டத்துக்குப் போய்விடும்.
ரீகாவிலிருந்து வந்த உளவியலாளர்
நாலு எண்ணி மூச்சை இழுங்கள்
நாலு எண்ணி நிறுத்துங்கள் என்றார்.
நிறுத்தினோம், பின்வரிசையில்,
சிரிப்பை அடக்க.

பிப்ரவரி. நடுக்கடல். விடியற்காலை மூன்று.
சமையலறையில் விளக்கு எரிந்தது.
அய்னார்ஸ் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான்.
அன்று யாருக்கும் உருளைக்கிழங்கு இல்லை என்று
சுவரில் ஒட்டிய பட்டியலே சொன்னது.
ஒரு கத்தியை என் பக்கம் நகர்த்தினான்.
உரித்தேன்.

"தூக்கத்துக்கு என்ன போடுகிறாய், இல்வியா?"
மாத்திரையைக் கேட்கிறான் என்று நினைத்தேன்.
"படிவத்தில்" என்றான்.
"நன்று."
"நானும் நன்றுதான்.
டிசம்பரிலிருந்து இந்தப் பலகையில் உட்கார்ந்து
நன்றாகத் தூங்குகிறேன்."

தோல் அறுந்து வாளியில் விழுந்தது.
அவன் தொடர்ந்தான்:
அந்தச் சூப்பை வைத்தது நான்.
இப்போது ஒரு கரண்டி கைதவறினாலும்
சட்டை நனைந்துவிடுகிறது.

"கல் என்று சொன்னது நான்" என்றேன்.
"தெரியும்" என்றான்.
இன்னொரு கிழங்கை எடுத்தான்.
"பதினோரு மணி நேரம் உன்னை அங்கே
உட்கார வைத்தது யார் என்று
யாராவது எழுதிக்கொண்டார்களா?"

வாளி நிறைந்துவிட்டது.
விடிந்ததும் எல்லோருக்கும்
கேட்காத உருளைக்கிழங்கு.

மார்ச் படிவத்தில் பேனாவை இழுத்துக்கொண்டு போனேன்,
மூன்றாம் கட்டம் வரை.
மை பிடிக்கவில்லை. இரண்டு தடவை அழுத்தினேன்.
அறைக் கதவுக்கு வெளியே
எனக்கு முன்னால் அய்னார்ஸ்,
அவனுக்கும் முன்னால், நான் எதிர்பார்க்காத
இயந்திர அறைக்காரர்கள் இரண்டு பேர்.
யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை.

உடனே சரியாகிவிடவில்லை எதுவும்.
நேற்றும் ஃபிரிட்ஜ் முனகியது.
நேற்றும் எழுந்து போனேன்.
ப்ளக்கில் கை வைத்தபடி நாலு எண்ணினேன்,
ஏழு வரை போய்விட்டது.
பின்னால் விளக்கு எரிந்தது.
"என்ன கேட்கிறது?" என்றான் மோட்ரிஸ்,
கால் வெறுந்தரையில், தலை கலைந்து,
இந்த முறை என்னைப் பார்த்து.

விலாங்கிலிருந்து ஆரம்பித்தேன்.