ஐந்து புள்ளி ஆறு

இரவு ஒன்பதரை. டோர்ஷவ்ன் துறைமுகத்தில்
விளக்குகளை ஒவ்வொன்றாய்
மூடுபனி எடுத்துக்கொண்டிருந்தது.
படகுக் கம்பெனியின் மாடியறையில்
ரன்வா ஒரு புகாரை
மூன்றாம் முறை படிக்கிறாள்:

"பதினோரு செம்மறிக் கிடாக்களுக்குச்
சரக்குத் தடம் 516 கேட்டேன்.
பதினோரு பெரியவர்களுக்குப் பயணச்சீட்டு வந்திருக்கிறது.
ஜன்னலோரம். காலை உணவு உட்பட.
இப்படிக்கு, ஹோக்னி."

சிரித்துவிட்டுத்தான் அமைப்புக் கோப்பைத் திறந்தாள்.
ஆயிரத்து நானூறு வரி.
போன வருஷம் வேலையை விட்டுப்போன தைத்தூர் எழுதியது,
எங்கும் ஒரு குறிப்பு இல்லை.

முந்நூற்றுப் பன்னிரண்டில் கிடந்தது
பயணிகள் தடம்:
5.6
பார்த்தால் பாவம்போல் இருக்கிறது.

என் மொழியில் புள்ளி ஒரு வாய்ப்பூட்டு.
க என்று திறந்த வாயை
க் என்று அடைத்துவிடும்.
இந்தக் கோப்பில் அதற்கு வேறு குணம்,
யார் வந்தாலும் சரியென்று
கதவைத் திறந்துபோட்டுத் தூங்கும் காவலாளி.
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே ஓர் ஒன்று வந்தது,
விட்டுவிட்டான்.
ஒன்றின் பின்னால் பதினோரு கிடாக்கள்.

புள்ளியின் வாயை அடைக்க
முன்னால் ஒரு சாய்கோடு போட்டாள்.
சேமித்தாள். சர்வரை நிறுத்தி எழுப்பினாள்.
கிடாக்கள் அதே ஜன்னலோரம்.
மறுபடி எழுப்பினாள்.
அதே ஜன்னலோரம்.
எழுந்துபோய்க் காபி போட்டாள்,
பால் தீர்ந்திருந்தது.
திரும்பி வந்து
சர்வர் உண்மையில் எதைத்தான் படிக்கிறதென்று
அச்சிட்டுப் பார்த்தாள்:
5.6

சாய்கோட்டைக் காணோம்.

கோப்பைப் படிக்கும் நிரல்
வாசலிலேயே அதைத் தின்றிருந்தது.
காவலுக்கு அனுப்பிய ஆளுக்கே
வழித்துணை ஒருவன் வேண்டும் போல.
இரண்டு சாய்கோடு போட்டாள்.
முதலாவது வாசலில் சாகும்,
மற்றது போய்ச் சேரும்.

பதினொன்றே கால்.
516 சரக்குக்குப் போயிற்று.
வரிக்கு மேலே குறிப்பு எழுதினாள்:
"இரண்டும் வேண்டும். அழகுக்கு வைக்கவில்லை.
ஒன்றை எடுத்தால் கிடாக்கள் திரும்பி வரும்."

ஹோக்னிக்குப் புதுச் சீட்டும்
ஒரு மன்னிப்பும் அனுப்பினாள்.
உடனே பதில். அவனும் தூங்கவில்லை.
"காலை உணவை மட்டும் வைத்துக்கொள்ளலாமா?
பதினொன்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன்."

அந்தக் கேள்விக்குறியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
கோப்பில் அதற்கும் ஓர் அர்த்தம் உண்டு:
முன்னால் நிற்பது
இருந்தாலும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

இருக்கட்டும் என்று எழுதினாள்.