ஆறு நொடி

ஆட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை.
நாளுக்கு இருபது டாலர், மதியம் ஒரு ஹாட்டாக்.
நெப்ராஸ்காவின் மணற்குன்றுகளுக்கு நடுவே
பள்ளிப் பிள்ளைகளின் ரோடியோ.
கூடைப்பந்து அணியில் என் பெயரை அடித்த வருடம் அது.
உயரம் போதாதாம்.
ஆடு உயரம் பார்ப்பதில்லை.

முளையிலிருந்து பத்தடிக் கயிறு,
அதன் முனையில் பதினாலாம் எண்.
காலையிலிருந்து ஒன்பது முறை கட்டப்பட்டு
ஒன்பது முறை அவிழ்க்கப்பட்டு
மனிதரைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருந்தது.

கோட்டுக்கு அப்பால் கொடி விழும்.
குதிரை வரும்.
அது நிற்பதற்குள் ஒரு பெண் இறங்குவாள்.
இறங்குவாள் என்பது சரியில்லை.
தன்னைத் தானே எறிந்துகொள்ளும் கல்.
குதிகால் இரண்டும் மண்ணை உழுதுகொண்டு வரும்.
ஆட்டைப் புரட்டி, மூன்று காலைச் சேர்த்து,
பல்லில் கடித்து வந்த கயிற்றால்
ரெண்டு சுற்று, ஒரு முடிச்சு.
கை இரண்டும் வானத்துக்கு.

ஜனம் பார்ப்பது அதுவரைதான்.
ஒன்பது புள்ளி நாலு என்று ஒலிபெருக்கி கத்தும்,
யாரோ ஒருத்தியின் மாமா விசிலடிப்பார்.
நான் பார்ப்பது அதற்கப்புறம்.
கட்டு ஆறு நொடி நிற்க வேண்டும்.
கட்டியவள் மூன்றடி தள்ளி நிற்க வேண்டும்.
ஆடு உதைக்கலாம், புரளலாம், கத்தலாம்.
அவள் ஒரு விரல் நீட்டக்கூடாது.

அந்த ஆறு நொடி முகத்தை
அவர்கள் வீட்டில்கூட யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.
டெல்ஃபா ஓஸ்டர்மன் உதட்டுக்குள் எண்ணுவாள்,
எப்போதும் அவசரமாக.
நாலாவது நொடியிலேயே அவளுக்கு ஆறு வந்துவிடும்,
மிச்ச ரெண்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்பாள்.
இன்னொருத்தி ஆட்டையே பார்க்க மாட்டாள்,
அப்பா உட்கார்ந்திருக்கும் வரிசையைப் பார்ப்பாள்.
ஜோரி குசேரா,
குளிர்காலமெல்லாம் வாலிபால் ஆடிய முழங்காலில்
இன்னும் பட்டை கட்டியிருப்பவள்,
முடிச்சை மட்டும் பார்ப்பாள்,
பொங்கப்போகிற பாலைப் பார்ப்பதுபோல.

ஜூன் மாதம், கடைசிச் சுற்று.
ஜோரியின் முறை வந்தபோது
ஆட்டின் தாடையை இரண்டு விரற்கடை திருப்பினேன்,
அவள் பக்கமாக.
முகம் கொடுத்து நிற்கும் ஆட்டைப் புரட்டுவது சுலபம்.
யாரும் சொல்லவில்லை, அவள் கேட்கவுமில்லை.
ஏன் செய்தேன் என்று
பதினைந்து வயதுக்காரனிடம் கேட்காதீர்கள்.

ஏழு புள்ளி ஒன்பது.
அந்த மைதானத்தில் யாரும் எட்டுக்குக் கீழே போனதில்லை.
கை மேலே.
ஒன்று. ரெண்டு. மூன்று.
ஐந்தில் பதினாலாம் எண்,
சட்டைப் பொத்தானைக் கழற்றுகிற நிதானத்தில்,
ஒரு காலை உருவிக்கொண்டது.

அவள் அப்பா வேலியைத் தாண்டி வந்துவிட்டார்.
'அந்தப் பையன் ஆட்டைக் கோணலா விட்டான்,
மறுபடி ஓட விடணும்.'
நடுவர் வெஸ்டர்காம்ப் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார்.
என்னைப் பார்க்கவில்லை. அவளைக் கேட்டார்:
'பையன் ஏதாவது செஞ்சானா?'

அவள் கை இன்னும் முழுசாக இறங்கியிருக்கவில்லை.
கன்னத்தில் மண். பல்லிடுக்கில் கயிற்றின் நார்.
என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்திருந்தது.
'முடிச்சை நான் இறுக்கல' என்றாள்.

அவ்வளவுதான். அது உண்மையும்கூட.
என் உண்மை வேறு,
என் நாக்குக்குக் கீழே
மூன்று கால் கட்டிக் கிடந்தது.
எண்ணினேன். ஆறு தாண்டியது, பத்து தாண்டியது.
அவிழவேயில்லை.
நல்ல கட்டு.

அப்பா டிரக்கில் ஏறிக் கதவை அறைந்தார்.
அவள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு
எங்கோ போய் மேய்ந்துகொண்டிருந்த குதிரையைப் பிடிக்க நடந்தாள்.
என்னைக் கடக்கையில், நிற்காமல்,
'அடுத்தவளுக்கு ஆட்டை அது நிக்கிறபடியே விடு.'

அடுத்தவள் டெல்ஃபா.
கொடி விழுந்தது, குதிரை வந்தது.
ஆடு வேலிப் பக்கம் பார்த்து நின்றது.
கையை எடுத்தேன்.