மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர்

வலது ஆள்காட்டி விரலில்தான் முதலில் தொடங்கியது.
நுனியில் ஒரு வெள்ளை விளிம்பு,
பழைய காலண்டரில் தாள் கிளம்புகிற மாதிரி.
வெட்டினேன். அடியில் இன்னொரு தாள்.
அதற்கும் அடியில் இன்னொன்று.

கும்பகோணம் பெரிய கடைத்தெரு,
இரண்டாம் மாடி, பட்டுப் பிரிவு.
ஒரு நாளைக்கு நூறு நூற்றிருபது புடவை விரிப்பேன்.
விரித்ததையெல்லாம் மடிப்பேன்.

சித்திரையில் ஒரு முகூர்த்தக் கூட்டம்.
மாம்பழ நிறம், அரக்குக் கரை.
முந்தியை உதறிக் காட்டும்போது
டிர் என்று ஒரு சத்தம்,
எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு.
நகப் பிளவில் மாட்டிய இழை
எறும்பு நீளத்துக்கு வெளியே நின்றது.
நீவினேன். உள்ளே போகவில்லை.
சம்பளத்தில் நானூறு பிடித்தார்கள்.
சூப்பர்வைசர் தணிகாசலம் நல்ல மனிதர்,
"நகத்தைக் கவனிம்மா" என்பதோடு விட்டுவிட்டார்.

கவனிக்காமலா இருக்கிறேன்?

ராத்திரி விளக்கெண்ணெய்.
காலையில் பயோட்டின் மாத்திரை.
செவ்வாயும் வெள்ளியும் முருங்கைக்கீரை.
பில் போடுகிற ராகவி சொன்ன பூண்டு வைத்தியத்தில்
நான்கு நாள் பட்டுப் பிரிவே ரசம் மணத்தது.
அரத்தால் ஒரே திசையில்தான் தேய்க்கிறேன்.
பாலிஷ் கிடையாது,
அதை அழிக்கிற திராவகம் அறவே கிடையாது.
நாத்தனார் மகள் டிவி பார்த்தபடி
பல்லால் கடித்துத் துப்புகிறாள்.
அவள் நகம் கிளிஞ்சல் போலப் பளபளக்கிறது.
எங்கே போய்ச் சொல்ல.

போன தேர்தலில் வைத்த மை
தெருவுக்கெல்லாம் ஆடி வரை இருந்தது.
எனக்குப் பதினைந்தாம் நாளே
பட்டை பட்டையாக உரிந்து
சின்ன வெங்காயத் தோலோடு குப்பைக்குப் போய்விட்டது.
"ஓட்டே போடலையா நீ?" என்றார் வீட்டுக்காரர்.
சற்று யோசித்து,
"இன்னொண்ணு போட்டிருக்கலாமே" என்றார்.

தஞ்சாவூரில் தோல் டாக்டர்
டார்ச் அடித்துப் பார்த்தார்.
ரத்தம் எடுத்தார்கள்.
இரும்பு சரி. தைராய்டு சரி.
"தண்ணியில அடிக்கடி கை வைப்பீங்களா?"
சிரிப்பு வந்துவிட்டது.
வாசல் தெளிக்க, அரிசி களைய, மாவு வழிக்க,
பாத்திரம், துணி,
கடையில் டிபன் டப்பா,
வீடு திரும்பியதும் மறுபடி பாத்திரம்.
எண்ணிக்கொண்டே போனேன், அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.
"நனையும்போது உப்பும், காயும்போது சுருங்கும்.
மாத்தி மாத்தி நடந்தா அடுக்கு விட்டுப் போயிடும்.
கையுறை போடுங்க.
மாசத்துக்கு மூணு மில்லிமீட்டர் வளரும்.
புதுசு நுனிக்கு வந்து சேர ஆறு மாசம்."

ஆறு மாதம் என்றால் ஒரு சம்பா.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம்.
மேட்டூர் இன்னும் திறக்கவில்லை.
அய்யம்பேட்டை தாண்டி, குடமுருட்டிப் பாலத்துக்குக் கீழே
வண்டல் காய்ந்து அப்பளம் அப்பளமாக
விளிம்பு தூக்கிக் கிடந்தது.
வைகாசிக் கடைசியில் விடுவார்கள், தையில் மூடுவார்கள்.
ஜில்லா முழுக்க நனைவதும் காய்வதுமாய் இருக்கிறது,
டாக்டர் என் ஒருத்திக்குத்தான் சீட்டு எழுதினார்.

மஞ்சள் கையுறை வாங்கினேன்.
சோப்பு நுரையில் டம்ளர் நழுவி
மூன்று உடைந்தன.

இப்போதெல்லாம் புடவையை மணிக்கட்டால் தள்ளுகிறேன்.
புறங்கையால் விரிக்கிறேன்.
விரல்களை உள்ளே மடக்கி,
தூங்குகிற பிள்ளையைப் புரட்டுவதுபோல மடிப்பைத் திருப்புகிறேன்.
கொரடாச்சேரியிலிருந்து வந்த அம்மாள் ஒருத்தி
பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:
"நாலு கடை ஏறியாச்சு.
இந்தப் பொண்ணு தொடுற மாதிரி
யாரும் பட்டைத் தொடலடி."
ஒன்று கேட்டு வந்தவர்கள் மூன்று எடுத்தார்கள்.
தணிகாசலம் காபி வாங்கிக் கொடுத்தார்.
தம்ளரைப் பத்து விரலும் மறைத்துப் பிடித்துக்கொண்டேன்.

கடைசி பஸ். வலங்கைமான் வரை நிற்க வேண்டும்.
கைப்பையில் தீப்பெட்டி,
அதன் மருந்துப் பட்டையில் ஒரு பிசிறைத் தேய்க்கிறேன்.
ஆள்காட்டி விரலின் அடியில்
குருணை அளவுக்கு வழவழப்பாக ஏதோ வந்திருக்கிறது.
விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.

இடது கட்டைவிரல்
இன்று மத்தியானம் தொடங்கியிருக்கிறது.