ஒன்பதாவது ரீல்

இத்தாலிப் படம். பெட்டி மேல் ஒன்பது ரீல் என்று
சுண்ணாம்பில் எழுதியிருந்தது.
எண்ணினேன், எட்டுதான்.
திண்டுக்கல்லில் கேட்டால் தேனியில் கேள் என்றார்கள்.
தேனியில் போனை எடுக்க ஆளில்லை.
'எட்ட ஓட்டுய்யா, எவன் கதை கேட்டு வர்றான்'
என்றார் மேனேஜர் அமலதாஸ்.

செல்லூர்ப் பாலத்துச் சுவரில் பசை காயாத போஸ்டர்.
சன்னல் கம்பியைப் பிடித்தபடி ஒரு வெள்ளைக்காரி.
கழுத்துக்குக் கீழே யாரோ
தாள் ஒட்டி மறைத்திருந்தார்கள்.
அந்தத் தாளை யாரோ கிழித்திருந்தார்கள்.

இரண்டாம் ஆட்டம்.
தறியை நிறுத்திவிட்டு வந்தவர்கள்,
மூட்டை இறக்கிவிட்டு வந்தவர்கள்,
பிட்டு உண்டு என்று நம்பி வந்த காலேஜ் பையன்கள்.
படத்திலோ மழை. ஊருக்கு வெளியே தனி வீடு.
மேசையில் சூப்பு ஆறிக்கொண்டிருக்கிறது.
வண்டி நின்றுபோச்சு, ஒரு போன் பண்ணிக்கலாமா
என்று மூன்று பேர் வருகிறார்கள்.
பேச்சு இங்கிலீஷ், வாயசைவு இத்தாலி.
அப்புறம் அவர்கள் போகவே இல்லை.

இரண்டாவது ரீலில் நாய். மூன்றாவதில் அப்பன்காரன்.
சென்சார் வெட்டிய இடமெல்லாம்
படம் விக்கல் எடுத்தது.
ரத்தம் சாயப்பட்டறை வாய்க்காலில் ஓடுகிற சிவப்பு.
செல்லூர்க்காரனை அதில் ஏமாற்ற முடியாது.
சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை, பயப்படவுமில்லை.
ஆபரேட்டருக்குப் படம் என்பது
மேல்மூலையில் வந்துபோகும் கரும்பொட்டு,
எரிந்து குறைகிற கார்பன் குச்சி.

ஐந்தாவது ரீலில் அந்த மூவரில் பெரியவன்
வீட்டுக்காரியிடம் தண்ணீர் கேட்டான்.
குடித்துவிட்டுக் கண்ணாடித் தம்ளரை
அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

என் வீட்டுக்கு வந்தவர்கள்
செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள்.
அவர்களும் மூன்று பேர். மழையில்லை, பகல் பதினொரு மணி.
சோலைமலை கட்டிலில் உட்கார்ந்து
'மதினி, தண்ணி குடுங்க' என்றான்.
குடித்துவிட்டு
'வட்டி ஒம்போது வாரம் நிக்கிது' என்றான்.
கத்தியில்லை. குரல்கூட உயரவில்லை.
ஒருவன் தையல் மிஷினைத் தூக்கினான்.
ஊசிக்கடியில் மகளின் பாவாடை, பாதி தைத்தது.
நூலைப் பல்லால் கடித்து அறுத்து
பாவாடையை மடித்து
பஞ்சவர்ணத்திடம் கொடுத்துவிட்டுப் போனான்.

நான் அப்போது குளித்துக்கொண்டிருந்தேன்.
வாளியில் தண்ணீர் தீர்ந்தபின்னும்
குளித்துக்கொண்டிருந்தேன்.

ஆறாவது ரீல் மாற்றிவிட்டுத் துவாரத்தில் கண் வைத்தேன்.
பெஞ்சு டிக்கெட், மூன்றாவது வரிசை, சோலைமலை.
திரையில் அவள் தலைமுடியைச் சுருட்டிப் பிடித்து
படியில் இழுத்து வருகிறார்கள்.
துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான்.
முழங்காலை ஏற்றி வைத்துக்கொண்டான்.
பக்கத்தில் இருந்தவன் ஏதோ கேலி சொன்னான்.
கொஞ்ச நேரத்தில் வாசல் திரைச்சீலை விலகி
தெருவிளக்கு உள்ளே வந்து போனது.
அவன் இடம் காலி.

எட்டாவது ரீல்:
அவள் சமையலறையில், கதவுக்கு இந்தப் பக்கம்,
கையில் கறி வெட்டுகிற கத்தி.
கைப்பிடி மெல்லத் திரும்புகிறது.
அவ்வளவுதான். வெள்ளைத் திரை.
காசைத் திருப்பிக் கொடு என்று
ஏழு நாற்காலிகளை உடைத்தார்கள்.
அமலதாஸ் அதை என் சம்பளத்தில் எழுதிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை வந்தான். தனியாகத்தான்.
செருப்பைக் கழற்றினான்.
அன்றைக்கு நான் குளிக்கப் போகவில்லை.
கட்டிலில் உட்கார்ந்தான், நோட்டைப் பிரிக்கவில்லை.
'அண்ணே, பாதியில எந்திரிச்சு வந்துட்டேன்.
அந்தப் பொம்பள கடைசியில தப்பிச்சிருச்சா?'

தெரியாது என்பதுதான் உண்மை.
வாயைத் திறந்தேன், சொல் வரவில்லை.

பஞ்சவர்ணம் படம் பார்த்ததில்லை.
எந்தப் பொம்பள என்றும் கேட்கவில்லை.
அரிவாள்மனையில் பூசணியைப் பிளந்துகொண்டிருந்தவள்
கை நிறுத்தி, முகம் நிமிராமல்,
'தண்ணி வேணுமா?' என்றாள்.

'வேணாம் மதினி' என்றான்.
பிறகு ஒருமுறை வாசலைப் பார்த்தான்,
செருப்பு எவ்வளவு தூரத்தில் கிடக்கிறது என்று.