பதினான்காம் இருக்கை

தப்ரீஸில் பஸ் ஏறும்போது
கைப்பையில் எண்ணூற்றுப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள்,
அட்டை அட்டையாய், ரப்பர் பேண்டு போட்டு.
தேர்வுக்கூடம் யெரெவானில்,
மலைகள், ஒரு நதி, ஓர் இரவு தள்ளி.

'லகோனிக்' என்றால் சுருக்கப் பேச்சு.
அதை ஓட்டுநருக்குக் கொடுத்தேன்.
'குவெருலஸ்' என்றால் ஓயாமல் குறைபடுவது.
அட்டையின் பின்புறம் பென்சிலால் எழுதினேன்:
பதினான்காம் இருக்கை.

பதினான்கில் மஹ்லகா, மராகே ஊர்க்காரி.
ஹீட்டர் காலைச் சுடுகிறது, கழுத்துக்கு எட்டவில்லை.
மருமகள் கட்டித் தந்த ரொட்டி செருப்புத்தோல்.
முழங்கால், மூத்த மகன், ரியாலின் மதிப்பு
ஒன்றும் தப்பவில்லை.
நான் உதடசைத்து உருப்போடுவதைப் பார்த்து
"யார் செத்ததுக்கு ஓதுகிறாய்?" என்றாள்.

நோர்தூஸ் சாவடியில் இரண்டரை மணி நேரம்.
அதிகாரி கட்டை அவிழ்த்தார்.
அராஸ் நதிக் காற்றுக்குப் பாஸ்போர்ட் எதற்கு?
நாற்பது சொற்கள் எனக்கு முன்னே
ஆர்மீனியா போய்ச் சேர்ந்தன.
மீதியைப் பொறுக்கியது நானும்,
முழங்காலைத் திட்டிக்கொண்டே குனிந்த அவளும்.
எந்த அட்டை அவள் கைக்குப் போனதோ,
பின்புறம் பார்த்தாளோ, தெரியாது.

விடியும்போது ஒரு முட்டை உரித்தாள்.
வேக்காடு போதாது, உப்பு கூடுதல்
என்று சொல்லிக்கொண்டே
பெரிய பாதியை என்னிடம் நீட்டினாள்.

மறுநாள், பதினேழாம் கேள்வி.
திரையில் அந்தச் சொல்.
மூலையில் கடிகாரம் பின்னோக்கி ஓடுகிறது.
எனக்கு நினைவு வந்ததெல்லாம்
விரலில் ஒட்டிய மஞ்சள் கரு.

ஐந்து விடைகள்.
எதிலும் முட்டை இல்லை.