பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில்

முதலில் கடவாய்ப்பல்லைப் பிடுங்கினார்கள்.
வலி இருந்த இடத்திலேயே இருந்தது,
பல் மட்டும்தான் போனது.
பிறகு தூங்கும்போது மாட்டிக்கொள்ள
பிளாஸ்டிக் தகடு ஒன்று.
நாற்பத்தொரு நாளில் கடித்து ஓட்டை போட்டேன்.
எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை.
அந்த ஒன்றும் இல்லாத இடம்
காதோரம், தாடை கீல் சேரும் புள்ளியில்,
கொட்டாவி விட்டால் சொடுக்கியது.

தோஹா, சனையா, முப்பத்தெட்டாம் தெரு.
அறைக்கு எட்டுப் பேர்.
எனக்கு டவர் கிரேன். தரையிலிருந்து அறுபது மீட்டர்.

கடைசியாக அனுப்பிய அறையில் ஊசியே இல்லை.
ஒரு மேஜை, டிஷ்யூ பெட்டி,
சூடான்காரர் இஹ்சான்.
அவர் சொல்வதை நர்ஸ் ஷைனி மலையாளத்தில் சொல்ல
நான் தமிழில் கேட்டுக்கொண்டேன்.
எனக்கு மண்டையில் கோளாறு கிடையாது என்றேன்.
வலி நிஜம்தான் என்றார். அதனால்தான் கேட்கிறேன்,
இப்போது உங்கள் பற்கள் எங்கே இருக்கின்றன?

எங்கே இருக்கும். வாயில்.
ஆனால் பார்த்தபோது மேல்வரிசையும் கீழ்வரிசையும்
யாரோ பூட்டிச் சாவியை எடுத்துப்போன மாதிரி கிடந்தன.

மெல்லும்போது, விழுங்கும்போது,
அவ்வளவுதான் பல்லோடு பல் படலாமாம்.
நாள் முழுக்கக் கூட்டினாலும் இருபது நிமிடம் வராதாம்.
மீதி நேரமெல்லாம் நடுவில் காற்று இருக்கணுமாம்.
இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.
ஏஜெண்ட் சொன்னது வேறு,
ஏர்போர்ட்டில் மச்சான் சொன்னது வேறு,
முதல் ராத்திரி மேல்கட்டில்காரன் சொன்னதும் அதையேதான்:
ரெண்டே வருஷம், பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு.
இருந்தேன். பதினோரு வருஷம்.
சொன்ன சொல்லைத் தட்டாதவன் நான்.

சிவப்புப் பொட்டு ஒட்டிய தாள் ஒன்று கொடுத்தார்கள்.
நெம்புகோலில் ஒன்று, கண்ணாடியில் ஒன்று,
தண்ணீர்க் கேனில், செல்போன் முதுகில்.
பொட்டைப் பார்த்தால் பல்லைப் பார்.
கடித்திருந்தால் விடு. உதடு மூடலாம், பல் கூடாது.
நாக்கை எங்கே வைப்பது?
ஷைனிக்குச் சொல்லத் தெரியவில்லை.
ஞான்-னு சொல்லு, சவரிமுத்துச் சேட்டா,
நாக்கு எவிடே நிக்குதோ அவிடே விடு.
நான் என்றேன்.
சொல் முடிந்த இடத்தில் நாக்கு நின்றது.
தாடை, சுமை இறக்கிய கொக்கி போலத் தொங்கியது.

ஒரு நோட்டுப் புத்தகமும்.
மணி, என்ன நடந்தது, வலி பத்துக்கு எத்தனை.
நாலு டன் கம்பிக்கட்டு, இருபத்திரண்டாம் மாடிக்கு: இரண்டு.
ரேடியோவில் ஃபோர்மேன் கத்தல்: நாலு.
காய்ந்த குப்பூஸ்: ஐந்து. அது மென்றதால், சேராது என்று அடித்தேன்.
சம்பளம் ஏறிய மெசேஜ்: ஆறு.
மச்சானின் வாய்ஸ் மெசேஜ்: எட்டு.
திறக்கவில்லை. வந்திருந்தது, அவ்வளவுதான்.
இஹ்சான் அந்த வரியில் விரலை வைத்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.

ஷமால் அடித்த அன்று வேலையை நிறுத்தினார்கள்.
இறங்குமுன் ஒன்று செய்ய வேண்டும்:
சுழல் பிரேக்கை விட்டுவிட வேண்டும்.
காற்று எந்தப் பக்கம் போகிறதோ
கிரேனின் கை அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும்.
பிடித்து வைத்தால் மொத்தமும் சாயும்.
தினமும் கையெழுத்துப் போடும் படிவத்தில்
ஏழாவது கட்டம் அது.
கீழே நின்று அண்ணாந்தேன்.
யாரும் ஓட்டாமல், புழுதிக்குள்
மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.
வாய் எப்போது திறந்ததென்று தெரியவில்லை.
நறநறவென்றது. பல் இல்லை, மணல்.

இன்னும் வலிக்கிறது. மூன்று.
சில வெள்ளிக்கிழமை ஐந்து.
போய்விடும் என்று இஹ்சான் ஒருநாளும் சொன்னதில்லை.
நேற்று அந்த மெசேஜைத் திறந்தேன்.
மாடி எடுக்கிறாராம். இன்னும் ஒரு லட்சம்.
மைக்கை அழுத்தினேன்.
போனின் முதுகில் பொட்டு விரலுக்குத் தட்டுப்பட்டது.
நான் என்று ஆரம்பித்து
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.